ஆணிவாயருக்குப் பிடிச்ச பல்விளக்குற பைத்தியம்

என்னைச் சந்தேகப் பிராணின்னு சொந்தக்காரங்க பூரா பேசுறாங்க. பேசிட்டுப் போகட்டும். என் வேலை அப்படி. துணி வெளுக்குற கடையில கவுண்டர்ல நிக்கிறவ நான். வர்ற துணியை வாங்கி, பைக்குள்ள கையை விட்டுத் துழாவி, எங்கெங்க கறை இருக்குன்னு பார்த்து, சீட்டுக் கட்டி உள்ள அனுப்பணும். நாளைக்கு ஒருத்தர் வந்து, "இந்தக் கறை என் சட்டையில இல்லவே இல்லை, உங்ககிட்ட வந்துதான் பட்டிருக்கு"ன்னு குதிச்சா, பதில் சொல்ல வேண்டியவ நான்தான். அதனால எந்தத் துணியையும் நான் நம்புறதில்லை. அதைப் போட்டுக்கிட்டு வர்ற ஆளை சுத்தமா நம்புறதில்லை.

எங்க வீட்டுக்காரரை மட்டும் விட்டு வச்சிருந்தேன். ஏன்னா அந்த மனுஷன்கிட்ட சந்தேகப்பட ஒண்ணுமே இருக்காது. மெத்தை, சோபா, வண்டி சீட்டு தைக்கிற குஷன் கடை வச்சிருக்கார். தெருவுல அவர் பேரு யாருக்கும் தெரியாது. ஆணிவாயர்னு கேட்டாதான் வழி சொல்லுவாங்க. குட்டிக் குட்டிக் கறுப்பு ஆணியை ஒரு பிடி அள்ளி இடது கன்னத்துல அடக்கிக்குவார். நாக்கால ஒவ்வொண்ணா உதட்டுக்குத் தள்ளுவார். காந்தம் வச்ச சுத்தியை உதட்டுக்கிட்ட கொண்டு போனா ஆணி தலைகீழாகாம டக்குன்னு ஒட்டிக்கும். அடுத்த நொடி அது மரச் சட்டத்துல இறங்கியிருக்கும். ஒரு கை ரெக்சினை இழுத்துப் பிடிக்கணும், ஒரு கையில சுத்தி. ஆணிக்கு மூணாவது கைக்கு எங்க போறது? அதான் வாய். அந்த வேலையில இருக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.

வாய் நிறைய ஆணி இருந்தா பேச்சு எங்க இருந்து வரும்? வர்றவங்க எது கேட்டாலும் தலையை ஆட்டுவார், இல்ல கையைக் காட்டுவார். வீட்டுக்கு வந்து ஆணியெல்லாம் போன பிறகும் அதே கதைதான். கல்யாணமான புதுசுல என்மேல என்னவோ கோபம்னு நினைச்சு அழுதிருக்கேன். அப்புறம்தான் தெரிஞ்சது, மனுஷனுக்குக் கோபமே வராது, பேச்சும் வராதுன்னு.

சுத்தபத்தம்? அதை ஏன் கேட்கிறீங்க. அவரோட பழைய பிரஷ்ஷை நீங்க பார்த்திருக்கணும். நாலா பக்கமும் மயிர் விரிஞ்சு, சண்டைக்கு நிக்கிற பூனை மாதிரி இருக்கும். காலையில அதை வாய்ல காட்டுவார், எடுத்துடுவார். விளக்குறதுன்னு அதுக்குப் பேர் வச்சா பாவம். நான் கத்தினா, "ம்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இந்த ஆள்தான் வெயில் காலம் முடிஞ்ச கையோட ஒரு பை நிறைய சாமானோட வந்து நின்னார்.

வெயில் காலத்துலதான் அவருக்கு வேலை நெட்டி முறிக்கும். பள்ளிக்கூட வண்டியெல்லாம் சும்மா நிக்கிற நேரம். மொத்த சீட்டையும் கழட்டிக் கொண்டு வந்து கடை வாசல்ல குவிச்சிடுவாங்க. தகரக் கூரைக்குக் கீழ வெந்து, ஐஸ் போட்ட கலர் சோடாவா குடிச்சே நாளை ஓட்டுவார். வண்டியெல்லாம் திரும்பிப் போய், முதல் மழையும் பெய்ஞ்சு, நான் வீட்டுத் திரையெல்லாம் கழட்டித் துவைக்கப் போட்ட அன்னைக்கு சாயங்காலம் இந்தப் பையைக் கொண்டு வந்து மேஜையில கவிழ்த்தார். புது பிரஷ். நாக்கு வழிக்கிற கம்பி. நீலக் கலர்ல வாய் கொப்புளிக்கிற தண்ணி, பெரிய பாட்டில். முகத்துக்கு ஒரு கிரீம், குதிகால் வெடிப்புக்கு ஒரு கிரீம், வாசனை சோப்பு, முடிக்கு என்னவோ எண்ணெய்.

"என்னங்க இது? யாருக்கு?"ன்னேன்.

"வெயில்ல உடம்பே காஞ்சு போச்சும்மா. இனிமே நம்மளை நாமதான் கொஞ்சம் நல்லா கவனிச்சுக்கணும்"னார்.

எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு. சாமானைப் பார்த்து இல்லை. அவர் பேசின நீளத்தைப் பார்த்து. இந்த மனுஷன் வாயிலிருந்து இவ்வளவு நீளமா ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை. மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்து ஒப்பிச்ச மாதிரி இருந்தது.

அன்னையிலிருந்து வீட்டுல குளியலறை அவருக்கு எழுதி வச்ச மாதிரி ஆயிடுச்சு. காலையில விளக்குறார். கடைக்குக் கிளம்பும்போது விளக்குறார். சாப்பிட வந்தா சாப்பிட்டுட்டு விளக்குறார். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு! பல் விளக்க எதுக்குய்யா தாழ்ப்பாள்? உள்ளே களக் களக்குன்னு கொப்புளிக்கிற சத்தம், நடுவுல 'ஸ்ஸ்'ன்னு ஒரு சத்தம், அப்புறம் தண்ணியைத் திறந்து விடுறது. வெளியே வர்றப்போ கண்ணு கலங்கியிருக்கும்.

என் தங்கச்சிக்கு போன் போட்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

"அக்கா, மாமா பல் விளக்கலைன்னு இருபது வருஷமா கத்துனே. இப்ப விளக்குறார்னு கத்துறே. அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்?"

"உனக்கென்னடி தெரியும்? ஒரு ஆம்பளை இந்த வயசுல திடீர்னு வாய் மணக்க நடக்குறான்னா, யாரோ அவன் வாய்க்குப் பக்கத்துல வர்றாங்கன்னு அர்த்தம்."

"மாமாவா? யார்கிட்டயாவது பேசணுமேக்கா முதல்ல!"

சிரிச்சுக்கிட்டே வச்சுட்டா. எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா நான் அவகிட்ட சொல்லாத ஒண்ணு இருந்தது. மனுஷன் என் பக்கம் முகத்தைக் காட்டிப் படுக்கிறதை விட்டுட்டார். சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்குவார். பக்கத்துல உட்கார்ந்தா ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து போவார். பேசாத ஆளா இருந்தாலும் பக்கத்துல இருக்கிற ஆள் அவர். இப்ப அதுவும் இல்லைன்னா எனக்கு என்ன மிச்சம்? வெளியில வீராப்பா பேசுறேனே தவிர உள்ளுக்குள்ள ஆடிப் போயிட்டேன்.

அப்புறம் என்ன, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். இடுப்பு பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை, ஆணியால குத்தினது. ஓஹோ, உடம்பை வேற இளைக்க வைக்கிறாரோ? சாப்பாட்டுல காரமே கூடாதுன்னார். மிளகாயைக் கடிச்சுக்கிட்டுச் சாப்பிடுற ஆள்! கைக்குட்டையை என்கிட்ட போடாம தானே துவைச்சுக் கொடியில காயப் போட்டார். துணி வெளுக்குற கடைக்காரி வீட்டுல ஒரு ஆம்பளை தன் கைக்குட்டையைத் தானே துவைச்சா, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

ஆளையும் பிடிச்சுட்டேன். வெயில் முடிஞ்ச சமயத்துல ஒருத்தி கடைக்கு நீளமா ஒரு சோபாவைக் கொண்டு வந்து போட்டிருந்தா. கறுப்புக் கண்ணாடி, வெட்டிவிட்ட முடி, சொந்தமா கார் ஓட்டிக்கிட்டு வருவா. ஒரு சோபாவுக்கு எங்க வீட்டுக்காரர் எடுத்துக்கிற நேரம் எனக்குத் தெரியும். கையைச் சொடுக்குறதுக்குள்ள முடிச்சிடுவார். இந்த சோபா மட்டும் வாரக் கணக்கா கடையிலயே கிடந்தது. அவளும் வந்து வந்து போறா. நான் கடைப் பக்கமா போறப்ப ரெண்டு தடவை அவ காரைப் பார்த்துட்டேன். சோபாக்காரின்னு அவளுக்குப் பேர் வச்சேன். வேற பேரும் வச்சேன், அதை இங்க சொல்ல முடியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வெளியே போன நேரம் பார்த்து குளியலறை அலமாரியைக் குடைஞ்சேன். நீலத் தண்ணி பாட்டில் காலி. அதுக்குப் பின்னால இன்னொண்ணு, அதுவும் பாதிக்கு மேல காலி. பிரஷ் வாங்கி ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள ஒரு பக்கம் மட்டும் மயிர் நசுங்கிப் படுத்திருந்தது. சரி. அடுத்து முகத்துக்குப் போடுற கிரீம். மூடியைத் திருகினேன். உள்ளே வெள்ளித் தாள் பிரிக்காம அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்தது. குதிகால் கிரீமும் அப்படியே. வாசனை சோப்பு காகிதத்தோட. முடி எண்ணெயும் தொடல.

எனக்குக் கை அங்கயே நின்னு போச்சு. ஒருத்திக்காக மினுக்குறவன் முதல்ல முகத்துக்குத்தானே பூசுவான்? முகத்தைத் தொடாம வாயை மட்டும் தேய் தேய்ன்னு தேய்ச்சிருக்கார். மத்ததெல்லாம் எதுக்கு வாங்கினார்? கூட்டத்தோட கூட்டமா அந்த நீலப் பாட்டில் உள்ள வரட்டும்னு வாங்கினாரா? கணக்கு உதைச்சுது. அலமாரிக்குக் கீழ, குழாய்க்குப் பின்னால, ஈரமா சுருட்டி ஒரு கைக்குட்டை கிடந்தது. பிரிச்சேன். ஓரத்துல சிவப்பா ஒரு தீற்றல்.

"மாட்டுனாரா!"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். உதட்டுச் சாயம்!

மறுநாள் அதை நான் வேலை பார்க்கிற கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். எதுக்குன்னு கேட்டா, எந்தக் கலர்னு தெரிஞ்சுக்கிட்டு அவ உதட்டோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்னுதான். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வியும் தயாரா வச்சிருந்தேன். கறை மேசைக்குப் போய்க் குழாயைத் திறந்து, பழக்க தோஷத்துல பச்சைத் தண்ணியை ஒரு சொட்டு விட்டேன். உதட்டுச் சாயம்னா அதுல எண்ணெய்ப் பசை இருக்கும், வெறும் தண்ணிக்கு அசையாது. இது அசைஞ்சுது. பழுப்பாக் கரைஞ்சு ஓடி, துணி வெளுத்துப் போச்சு.

இந்தக் கறையை நான் தினம் பார்க்கிறவ. விரல் வெட்டிக்கிட்ட சமையல்காரங்க மேலங்கியில, மூக்குல அடிபட்ட பசங்க சட்டையில. அதுக்கு ஒரே ஒரு பேருதான். சொல்ல எனக்கு வாய் வரல. பக்கத்துல இஸ்திரி போடுறவர், "என்னம்மா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"ன்னார். தலைவலின்னு சொல்லிட்டு அரை நாள் விடுப்புப் போட்டு அவர் கடைக்குக் கிளம்பிட்டேன்.

அப்பவும் பாருங்க, என் புத்தி நேரா யோசிக்கல. வழி பூரா சோபாக்காரியையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வந்தேன். பல் ஈறுல ரத்தம் வந்திருக்கும், தேய்க்கிற தேய்ப்புக்கு வராம என்ன செய்யும், அவளுக்காகத்தானே அந்தத் தேய்ப்புன்னு எனக்கு நானே பூசி மெழுகிக்கிட்டேன்.

அவர் கடை வாசல்ல அவ கார் நின்னுச்சு. கையும் களவுமா பிடிக்கிறேன் பாருன்னு செருப்பைக் கூடக் கழட்டாம உள்ள நுழைஞ்சேன். சோபாக்காரி ஒரு வெறும் சட்டத்து மேல உட்கார்ந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. அவர் தூரத்துல, முதுகைக் காட்டிக்கிட்டு வேலை பார்த்துக்கிட்டு இருந்தார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவ ஆரம்பிச்சுட்டா. "நீங்கதான் அவர் வீட்டம்மாவா? நல்ல வேளை வந்தீங்க. கொஞ்சம் சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வேகம் யாருக்கும் வராதுன்னு ஊரே சொல்லுச்சு. இங்க பார்த்தா ஒரு ஆணி அடிக்க அரை நாள் ஆகுது. கேட்டா பதிலே இல்லை. இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லைங்க இவர்!"

நான் அவளைப் பார்க்கல. அவரைப் பார்த்தேன். பலகை மேல ஒரு கிண்ணம். கிண்ணத்துல ஆணி. சுத்தியைக் கீழ வைக்கிறார், ஒரு ஆணியை விரலால பொறுக்குறார், ரெக்சினை முழங்காலால அழுத்திக்கிறார், மறுபடி சுத்தியைத் தேடுறார். இழுத்துப் பிடிச்ச ரெக்சின் நழுவுது. மறுபடி முதல்ல இருந்து. நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட இதைவிட நல்லா செய்வான். சத்தம் கேட்டுத் திரும்பினார். கன்னம் ரெண்டும் ஒட்டிப் போய் வெறுமையா இருந்துச்சு.

இத்தனை வருஷத்துல பகல் நேரத்துல கடையில வச்சு அந்தக் கன்னத்தை நான் வெறுமையாப் பார்த்ததே இல்லை. காய்ச்சல்ல வேலை பார்த்தப்பவும் ஆணி அங்கதான் இருக்கும்.

"வாயைத் திறங்க"ன்னேன்.

திருதிருன்னு முழிச்சார். உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு இல்லைன்னு தலையாட்டினார்.

"திறங்கன்னு சொல்றேன்ல! எனக்குத் தெரியாம என்னத்தை உள்ள வச்சிருக்கீங்க? திறங்க!"

சுத்தியைக் கிண்ணத்துப் பக்கத்துல வச்சார். அப்புறம் மெதுவா உட்கார்ந்து வாயைத் திறந்தார். உள்ளே இருட்டா இருந்தது, எனக்குக் கண்ணும் தெரியல, கண்ணீர் மறைக்குது. பின்னாலேர்ந்து பளிச்சுன்னு வெளிச்சம் விழுந்தது. சோபாக்காரி தன் போன்ல விளக்கைப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. இடது கன்னத்துக்கு உள்பக்கம், ஆணி அடக்குற இடத்துல, வெள்ளையும் சிவப்புமா ஒரு புண்ணு. ஓரமெல்லாம் தடிச்சிருந்தது.

"எப்போதிலிருந்து?"

"வெயில் தொடங்கினப்போ வந்துச்சு. சூட்டுக் கொப்புளம்னு நினைச்சேன். வெயில் போனா போயிடும்னு இருந்தேன். வெயில் போச்சு, இது போகல. அழுக்கு சேர்ந்துதான் ஆறலையோன்னு..." மென்னு முழுங்கினார். "அந்த நீலத் தண்ணி எரியும். எரியுறப்போ புண்ணு சாகுதுன்னு நினைச்சுக்குவேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"நீ பார்த்தா கண்டுபிடிச்சுடுவே. நீ கண்டுபிடிச்சுட்டா அது நிஜமாயிடும். அதான் பயமா இருந்துச்சு."

அங்கயே உட்கார்ந்து ஓன்னு அழுதுட்டேன். சோபாக்காரிதான் எங்க ரெண்டு பேரையும் தள்ளிக்கிட்டுப் போய்த் தன் கார்ல ஏத்தினா. தனக்குத் தெரிஞ்ச ஒரு பல் டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. அவகிட்ட அதுவரைக்கும் நான் ஒரு நல்ல வார்த்தை பேசினதில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணாடி வச்சுப் பார்த்தாங்க, கையுறை போட்ட விரலால அழுத்திப் பார்த்தாங்க, கழுத்தைத் தடவிப் பார்த்தாங்க. "புகையிலை உண்டா?"ன்னு கேட்டாங்க. "ஆணிதான் உண்டு"ன்னேன். அவங்களுக்குப் புரிய வைக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. "அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வாய்ல ஒரு புண்ணு வந்து ரெண்டு மூணு வாரத்துல ஆறலைன்னா பிரஷ்ஷை மாத்தக் கூடாது, டாக்டர்கிட்ட வரணும். புண்ணு மேல தேய்க்கவே கூடாது"ன்னு சொல்லிட்டு, ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க.

முடிவு வர்ற வரைக்கும் இருந்த நாளை எப்படிச் சொல்றது? கவுண்டர்ல நிக்கிறேன், யார் துணி யார் கையில கொடுக்கிறேன்னு தெரியல. ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. கடவுளே, சோபாக்காரி நிஜமாவே நான் சந்தேகப்பட்ட அவளா இருந்திருக்கக் கூடாதா? அந்தச் சிவப்பு உதட்டுச் சாயமாவே இருந்திருக்கக் கூடாதா? கத்தியிருப்பேன், ரெண்டு நாள் பட்டினி கிடந்திருப்பேன், தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பேன். மனுஷன் முழுசா இருந்திருப்பாரே!

கெட்டதுதான்னு வந்துச்சு. "ஆனா ஆரம்பக் கட்டம்தான்"னும் வந்துச்சு. அந்த 'ஆனா'வைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரியில கிடந்தோம். கன்னத்துல அந்த இடத்தை வெட்டி எடுத்தாங்க. தையல் பிரிச்ச பிறகும் வாய் முன்ன மாதிரி அகலமாத் திறக்காது. அதுக்குப் பயிற்சி உண்டு, தினமும் செய்யணும். பேச்சு கொஞ்சம் இழுக்கும். முன்ன மட்டும் என்ன, பெரிய பேச்சாளரான்னு தங்கச்சி கேட்டா. அன்னைக்குத்தான் எங்க வீட்டுல மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

இப்ப வேலைக்குப் போறார். மணிக்கட்டுல ஒரு காந்தப் பட்டை கட்டிக்கிட்டு அதுல ஆணியை ஒட்ட வச்சிருக்கார். பழைய வேகம் இல்லை. சோபாக்காரியோட சோபாவை முடிச்சுக் கொடுத்தாச்சு. அவ எங்க கடையிலதான் இப்ப துணி போடுறா. அவ பையையும் நான் துழாவித்தான் பார்க்கிறேன், அது வேற விஷயம்.

வீட்டுல சட்டம் மாறிடுச்சு. மெத்துன்னு இருக்கிற பிரஷ், காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு. தாழ்ப்பாள் கிடையாது. வெயில் முடிஞ்சு திரை துவைக்கிற அன்னைக்கு ரெண்டு பிரஷ்ஷையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுத்துட்டு நேரா டாக்டரம்மாகிட்ட போறோம். நடுவுல அவங்க கூப்பிடுற தேதிக்கெல்லாம் போறோம். அது போக, தினம் காலையில ஜன்னல்கிட்ட அவரை உட்கார வச்சு டார்ச் அடிச்சு நானும் பார்க்கிறேன். கன்னம், நாக்குக்குக் கீழ, ஈறு ஓரம், எல்லாம். துணியில கறை தேடுற மாதிரிதான். முதல்ல முனகினார். "டாக்டர் பார்க்கிறாங்கல்ல, நீ வேற எதுக்கு?"ன்னார். "டாக்டர் உங்களை நம்புவாங்க, நான் நம்ப மாட்டேன்"ன்னேன்.

போன வாரம் எங்களுக்குள்ள சண்டை. என்னவோ அற்ப விஷயம். எனக்குத் தெரியாம ரெண்டு ஆணியை வாய்ல போட்டிருக்கார், பழக்கமாம். அற்பம்னு சொல்றேன், அன்னைக்கு நான் ஆடின ஆட்டம் எனக்குத்தான் தெரியும். "இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டேன். மறுநாள் காலையில எழுந்து அவர் பக்கம் திரும்பாம, டார்ச்சைத் தொடாம, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். போகட்டும், தானா பார்த்துக்கட்டும்னு வீம்பு.

பின்னால நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டுச்சு. திரும்பல. அப்புறம் என் தோள்ல எதுவோ தட்டுச்சு. டார்ச். அவரே எடுத்துக்கிட்டு வந்து நீட்டிக்கிட்டு இருக்கார். திரும்பினேன். ஜன்னல் வெளிச்சத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டு, திறக்க முடிஞ்ச அளவுக்கு வாயைத் திறந்து வச்சிருக்கார்.

எத்தனை நாளா தாழ்ப்பாள் போட்டு என்கிட்ட ஒளிச்ச வாய் அது.

வாங்கி டார்ச்சைப் போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் திறங்க"ன்னேன்.